காத்திருப்புப் பட்டியலில் காஷே மெங்கேஷா

விமானத்தில் யார் முதலில் ஏறுவது, யார் கடைசியில் ஏறுவது என்று அஸ்கலேயிடம் கேட்டால் விரலை மடக்கிக்கொண்டு ஆரம்பிப்பாள். சக்கர நாற்காலிக்காரர்கள். கைக்குழந்தைக்காரர்கள். முன்வரிசைச் சீமான்கள். அப்புறம் போர்டிங் பாஸில் அச்சடித்த எண்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இது நேராக வந்து ஏறுகிறவனின் கணக்கு. வேறொரு விமானத்திலிருந்து இறங்கி இதற்கு மாறுகிறவனின் கதை வேறு. அவன் முதலில் வந்த விமானம் வேறு கம்பெனியுடையதாக இருந்தால் பாஸில் அந்த எண்ணே இருக்காது. முன்னால் போக உரிமையுள்ளவன்கூட அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் வாலில் போய் நிற்பான். முதல் விமானம் தாமதமானால் மூச்சிரைக்கக் கடைசி ஆளாக ஓடிவருவான். ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், கேட் மூடும் கடைசி நிமிடம் வரை அந்த இருக்கை அவனுடையது. அதைத் தொட எவனுக்கும் உரிமை கிடையாது.

"இத்தனை பேரும் ஏறினதுக்கு அப்புறம் இடம் மிச்சமிருந்தா, அப்பதான் நம்மாளுங்க" என்று சுண்டு விரலை மடக்கி முடிப்பாள்.

நம்மாளுங்க என்றால் கம்பெனி ஊழியர்கள். சலுகை டிக்கெட்டில் போகிறவர்கள். அவர்களுக்கு உறுதியான இருக்கை கிடையாது. பட்டியலில் பேர் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்களுக்குள்ளும் ஒரு படிக்கட்டு உண்டு. வேலையில் இருப்பவர்கள் மேலே, ஓய்வு பெற்றவர்கள் கீழே. வேறு ஊரிலிருந்து மாறி வருகிற ஊழியன், முதல் விமானத்துக்குப் பேர் போட்டதோடு விட்டுவிட முடியாது. தலைநகரான அடிஸில் இறங்கியதும் கீழ்த்தளத்தில் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கவுண்டரில் நேரில் தலையைக் காட்டி, அடுத்த விமானத்துக்கு மறுபடி பேரைப் பதிய வேண்டும். புறப்படுவதற்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் பட்டியல் மூடிவிடும். அதன் பிறகு வருகிறவனை ஏற்றுவதும் ஏற்றாததும் கேட்டில் நிற்பவர் இஷ்டம்.

அஸ்கலே இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள் அல்ல. ஒன்பது வருடம் அந்தக் கீழ்த்தளத்தில் நின்று கற்றவள். அந்த ஒன்பது வருடத்தை அவள் கேட்டு வாங்கவில்லை.

தெப்ரெ மார்கோஸுக்கு அப்பால், மழை பெய்தால் லாரி வராத ஊர் அவளுடையது. அந்த ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பெண்களில் முதல் ஆள் என்று யாராவது சொன்னால், "ஆம்பளைங்களையும் சேர்த்துத்தான்" என்று திருத்துவாள். தெஃப் தானிய வயலில் குனிந்து களை பறித்த கையால் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் போய், தலைநகரத்துக்கு வந்து, விமானக் கம்பெனியின் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டவள். இருபத்து நான்கு வயதில் அவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். அவள் அப்பா வுப்ஷெத் அந்த வருட அறுவடை முடிந்ததும் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார்: "எம் பொண்ணு கை காட்டினாத்தான் விமானம் கிளம்பும்."

கேட்டில் அவள் நின்றது ஒரு வருடம் நான்கு மாதம். அதைக் கெடுத்தவர் மெங்கேஷா.

விமான நிலையத்தில் மெங்கேஷாவை வெறும் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு வைக்கிற மரியாதையோடு 'காஷே மெங்கேஷா' என்றுதான் சொல்வார்கள். அவர் அப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். வயிற்றுக்கு மேலே பெல்ட் போட்டு, நடக்கும்போது சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வருவார்.

அன்று லிலோங்வே விமானம் நிறைந்திருந்தது. துபாயிலிருந்து தாமதமாக வந்த ஒரு மலாவிப் பெண்ணின் இருக்கை மட்டும் காலி. அவள் பேர் தோக்கோ. வீட்டு வேலை செய்யப் போனவள், அம்மாவை அடக்கம் செய்ய ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். கேட் மூட இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அஸ்கலே ஒரு சக்கர நாற்காலியை விமானத்தின் கதவு வரை கொண்டுபோய் விட்டுத் திரும்புவதற்குள், மெங்கேஷா அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். தோக்கோவின் பேரை அழித்தார். ஊழியர் பட்டியலில் நின்ற தன் மச்சானுக்கு அந்த இருக்கையைப் போட்டார். கேட்டை மூடினார். எல்லாம் அஸ்கலே கணினிக்குள் நுழையப் போட்டிருந்த அவளுடைய குறியீட்டில்.

நான்கு நிமிடம் பாக்கி இருக்கையில் தோக்கோ ஓடி வந்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, அஸ்கலேயின் மார்பில் இருந்த பெயர்ப் பட்டையை எழுத்துக் கூட்டி வாசித்து, கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

அவள் புகார் செய்து நடந்த விசாரணையில் மெங்கேஷா சொன்னார்: "புது பொண்ணு, அவசரப்பட்டுட்டா. நான் அப்ப அந்தப் பக்கமே இல்ல." பக்கத்துக் கேட்டில் நின்ற ஹிருட் எதையும் பார்க்கவில்லை என்றாள். கணினி, குறியீடு யாருடையது என்று மட்டும் சொன்னது. அஸ்கலேயைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். வெயில் எட்டாத அந்தக் கவுண்டரில், தூக்கம் கெட்ட கண்களோடு வருகிறவர்களுக்கு எண் இல்லாத பாஸை வாங்கி எண் போட்ட பாஸாக அடித்துக் கொடுக்கிற வேலை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள், இன்னும் மேலே போனார்கள். ஊருக்குப் போனால் அப்பாவிடம், "இப்ப ஆபீஸ் வேலைப்பா, பெரிசு" என்றாள். கேட்டில் மகள் கை காட்டுவதைப் பார்க்க அவர் பஸ் ஏறி வருவதாகச் சொன்னதை மூன்று தடவை தட்டிக் கழித்தாள்.

மெங்கேஷா ஓய்வு பெற்றார். பஹிர் தாரில் ஏரியைப் பார்த்து வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். போன மழைக்காலத்தில் புதிதாக வந்த மேலாளர், "மாறுற பயணிகளோட தலைவலி எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளைக் கொண்டுபோய்ப் பாதாளத்துல வெச்சிருக்கீங்களே" என்று அஸ்கலேயை மறுபடி கேட்டுக்கு ஏற்றினார். முப்பத்து நான்கு வயதில் பழைய இடத்துக்கு வந்தாள். சந்தோஷமா என்று கேட்டவர்களிடம், "என்னோட ஒம்போது வருஷத்தைத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காலை லுசாகா விமானம் பத்து மணிக்கு. எட்டரைக்கு அஸ்கலே திரையைத் திறந்து ஊழியர் பட்டியலைப் பார்த்தாள். ஐந்து பேர். நான்கு பேருக்கு எதிரே 'நேரில் வந்தார்' என்று இருந்தது. ஐந்தாவது பேரைப் பார்த்ததும் அவள் விரல் நின்றது. மெங்கேஷா, ஓய்வு, பஹிர் தார் வழி. எதிரே ஒன்றும் இல்லை.

தலையைத் தூக்கினாள். முப்பது அடி தள்ளி, புல் பரப்பி, தூபம் போட்டு, மண் ஜாடியில் காப்பி ஊற்றும் கடை. தாழ்ந்த முக்காலியில் காலை அகட்டி உட்கார்ந்து, பழைய மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரோடு சிரித்துக்கொண்டிருந்தார் அவர். மடியில் புது வெள்ளைச் சால்வை, கரை போட்டது, மடிப்புக் கலையாதது.

ஹிருட்டும் அன்று அதே கேட்டில் வேலை பார்த்தாள். அஸ்கலேயை விட எட்டு வயது மூத்தவள். அவளும் பார்த்துவிட்டாள்.

"ஏய், காஷே மெங்கேஷாடி!"

"கண்ணு இருக்குக்கா."

"நாளைக்கு அவர் பொண்ணு மாஹ்லெட்டுக்கு லுசாகாவுல கல்யாணம். பொண்டாட்டி போன வாரமே போயாச்சு. நேத்து போன்ல சொன்னாரு." ஹிருட் எட்டித் திரையைப் பார்த்தாள். "அடக் கடவுளே. கீழ போய்ப் பதியலையா இந்த மனுசன்?"

"பதியல."

"பஹிர் தார்ல போட்டது இங்கயும் வந்துரும்னு நெனச்சிட்டாரு போல."

அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று அஸ்கலேக்குத் தெரியும். வேலையில் இருந்த இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு நாள்கூட ட்ரான்ஸ்ஃபர் கவுண்டரின் வரிசையில் நின்றதில்லை. எங்கிருந்து வந்தாலும் கீழே இருக்கும் யாராவது, "காஷே வர்றாரு" என்று ஓடிப்போய்ப் பதிந்து வைப்பார்கள். அஸ்கலேயே இரண்டு தடவை பதிந்திருக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்படி ஒரு வேலை தனக்கும் உண்டு என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. செய்தவர்களின் முகத்தை அவர் பார்த்ததில்லை.

"நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்று ஹிருட் எழுந்தாள்.

"உக்காருக்கா."

"ஒரு நிமிஷம்தான்டி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, ஓடிப்போய்ப் பதிஞ்சிருவாரு."

"உக்காருன்னு சொன்னேன்." அஸ்கலே குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு உனக்குக் கண்ணு தெரியல. இன்னைக்கும் தெரியாமலே இருந்துக்க. உனக்குப் பழக்கம்தான்."

ஹிருட்டின் முகம் சுண்டிப்போனது. உட்கார்ந்தாள். மேஜையில் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

நாற்பத்தைந்து நிமிடம் அஸ்கலே அவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். ஒரு கிலோ கறி எடுக்கிறவள் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். காப்பிக்காரி முதல் சுற்று, அபோல், ஊற்றினாள். அவர் உறிஞ்சிவிட்டு ஏதோ சொல்ல, மூட்டைக்காரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். இரண்டாவது சுற்று தோனா. ஒன்பது ஆயிற்று. மூட்டைக்காரர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். மெங்கேஷா கையை வீசி, கேட்டின் பக்கம் மோவாயைத் தூக்கிக் காட்டினார். நம்ம இடம்தானே, எங்கே போயிடும் என்கிற மோவாய். மூன்றாவது சுற்றான பரக்காவைக் குடிக்காமல் எழுந்தால் ஆசீர்வாதத்தை உதறிவிட்டுப் போனதாக ஆகும். மகள் கல்யாணத்துக்குப் போகிற மனிதர் அதைச் செய்வாரா? ஜாடி மறுபடி அடுப்பில் ஏறியது.

ஒன்பதே கால். பட்டியலை மூடலாமா என்று திரை கேட்டது. அஸ்கலே ஒரு தட்டில் மூடினாள்.

ஒன்பது மணிக்கே ஏற்றம் ஆரம்பித்திருந்தது. சக்கர நாற்காலிகள் போயின. குழந்தைகள் போனார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை நகர்ந்தது. ஊழியர்களில் முதல் ஆளாக, கம்பெனிச் சமையற்கூடத்தில் தட்டு கழுவும் பெசுனெஷை அஸ்கலே கூப்பிட்டாள். அக்காவைப் பார்க்கப் போகிறவள். தன் பேரை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை என்பதுபோல் அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஜன்னலோரம் போட்டிருக்கேன் பெசுனெஷ். போயிட்டு வா."

"நெசமாவா? ஜன்னலா? கடவுள் உனக்கு நல்லது குடுப்பாரு தாயி!"

நான்கு ஊழியர்களும் ஏறினார்கள். ஒன்பது இருபத்தெட்டுக்கு மெங்கேஷா வந்தார். வரிசையைக் கண்டுகொள்ளாமல், ஓரமாக, நேராகக் கவுண்டரின் முன்னால்.

"என்ன புள்ளைங்களா, நல்லா இருக்கீங்களா? ஹிருட்! இளைச்சுப் போயிட்டியே!" பிறகு அஸ்கலேயைப் பார்த்தார். "நீ... எங்கயோ பாத்த முகமா இருக்கே."

"அஸ்கலே."

"ஆங், அஸ்கலே! கீழ இருந்தியே! மேல வந்துட்டியா? பாத்தியா, அப்பவே நான் சொன்னேன், கீழ கொஞ்ச நாள் இருந்தாத்தான் வேலை பிடிபடும்னு. இப்ப என்னை வாழ்த்தணும் நீ." சிரித்தார். ஜன்னல் கண்ணாடியில் எதிரொலிக்கிற சிரிப்பு. "சரி, என் சீட்டு எது?"

"உங்களுக்குச் சீட்டு இல்ல காஷே."

"ஏன், நெறஞ்சிருச்சா?"

"நீங்க பட்டியல்ல இல்ல."

"பஹிர் தார்லயே போட்டேனேம்மா!"

"அது பஹிர் தார்லேர்ந்து அடிஸ் வரைக்கும். இங்க எறங்கினதும் கீழ கவுண்டர்ல நேர்ல நின்னு மறுபடி பதியணும். ஒம்போதே கால் வரைக்கும்."

அவர் ஹிருட்டைப் பார்த்தார். ஹிருட் திரையைப் பார்த்தாள்.

"எனக்கு விதி சொல்லிக்குடுக்கறியா? நீ பள்ளிக்கூடம் போறப்பவே நான் இங்க மூட்டையில சீட்டு ஒட்டிக்கிட்டிருந்தேன். இப்ப எடுத்துக்க. மூடினதுக்கு அப்புறமும் கேட் ஆளு எடுக்கலாம்."

"எடுக்கலாம்."

அந்த ஒரு சொல்லில் அவருக்கு உயிர் வந்தது. கவுண்டரில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினார். "காலி இருக்கா?"

"எண்டெபியிலேர்ந்து மாறி வர்ற ஒருத்தர் இன்னும் வரல."

"எண்டெபி விமானம் இப்பதான எறங்குது! அவன் வரமாட்டான். இருபத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன். அவனை எடுத்துட்டு என்னைப் போடு. ரெண்டு தட்டு, முடிஞ்சுது." விரலாலேயே இரண்டு தடவை தட்டிக் காட்டினார்.

அந்த விரலை அஸ்கலே பார்த்தாள். எதையும் அழித்துப் பழகிய விரல். அவள் கணினியை ஒரு அங்குலம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவர் டிக்கெட் ஒரே டிக்கெட். ஒம்போது நாப்பத்தஞ்சு வரைக்கும் அது அவர் சீட்டு."

"அம்மாடி. நாளைக்குச் சாயங்காலம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். தெரியுமா உனக்கு? புருஷனும் பொண்டாட்டியுமா முழங்காலை முத்தமிட வர்றப்ப, நாற்காலியில நான் உக்காந்திருக்கணும். நாளைக்கு விமானத்துல யாத்ரீகர் கூட்டம் நாப்பது பேரு, இடம் கெடையாது. ஜோஹன்னஸ்பர்க் சுத்திப் போனா நாளைக்கு ராத்திரிதான். புரியுதா?"

"புரியுது காஷே."

"அப்ப?"

"காத்திருங்க."

அவர் காத்திருந்தார். இருபத்தாறு வருடம் மற்றவர்களைக் காக்க வைத்த மனிதர், சால்வையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, நடைபாதையின் கோடியை வெறித்தார். யாராவது ஓடி வந்தால் முகம் சுருங்கும். அந்த ஆள் வேறு கேட்டுக்குத் திரும்பினால் விரியும். மாஹ்லெட்டை அஸ்கலே ஒரு கணம் நினைத்தாள். அந்தப் பெண் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. பரவாயில்லை, அம்மா இருக்கிறாள், ஒரு முழங்கால் இருக்கிறது என்று அந்த நினைப்பை ஒதுக்கினாள்.

ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு எண்டெபிக்காரர் வந்துவிட்டார். ஒல்லியான பல் மருத்துவர். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கழன்று வந்த பெல்ட். "மூடிட்டீங்களா? மூடிட்டீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே கால் தடுக்கி வந்து விழப் பார்த்தார்.

"உங்களுக்காகத்தான் தெறந்து வெச்சிருக்கோம் டாக்டர்" என்று அஸ்கலே பாஸை வாங்கினாள். பீப் என்றது. அவர் உள்ளே ஓடினார்.

நாற்பத்தைந்து. அஸ்கலே கேட்டை மூடினாள்.

மெங்கேஷா நீளமாக மூச்சு விட்டார். தோற்றுப்போனவர் முகத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. யார் மேலும் குற்றமில்லை, இடம் இல்லை, அவ்வளவுதான் என்கிற நிம்மதி. அதை அவரிடம் விட்டுவைக்க அஸ்கலேக்கு மனமில்லை. ஒன்பது வருடத்தில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி ஒருநாள்கூடக் கிடைத்ததில்லை.

"காஷே, இங்க வாங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். இருக்கைகளின் படம். எல்லாம் சிவப்பு. பின்பக்கம், நடைபாதை ஓரத்தில் ஒன்று மட்டும் பச்சை.

"முப்பத்திநாலு சி. காலி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது... எப்பலேர்ந்து காலி?"

"காலைலேர்ந்து."

"நான் கேட்டப்ப காலி இருக்கான்னு..."

"எண்டெபிக்காரர் வரலன்னு சொன்னேன். இதைச் சொல்லல."

"அப்ப என்னை எடுத்திருக்கலாம்!"

"எடுத்திருக்கலாம்."

"எடுக்கலியே!"

"எடுக்கல."

கண்ணாடிக்கு வெளியே விமானத்தின் கதவு சாத்தப்பட்டது. மெங்கேஷா கைப்பேசியை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டார். பேசியதில் பாதி திட்டு. எதிர்முனையில் மேலாளரின் குரல், பொறுமையாக, கவுண்டர் வரைக்கும் கேட்டது: "காஷே, நீங்க கீழ பதிஞ்சீங்களா? ... பதியலல்ல. அப்ப கேட்ல இருக்கறவங்க முடிவுதான். அது நீங்க இருந்தப்பவும் அப்படித்தானே?"

கைப்பேசியைக் கீழே இறக்கினார். வெளியே விமானம் பின்னோக்கி நகர ஆரம்பித்திருந்தது. இப்போது வேறு குரல். "அஸ்கலே... அம்மா... நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். இரவுகளில், பஸ்ஸில், கீழ்த்தளத்தின் மஞ்சள் விளக்கில், இந்தக் கேள்விக்கான பதிலை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வந்தபோது சுருக்கமாகத்தான் வந்தது.

"லிலோங்வே விமானம். தோக்கோ. அவ சீட்டை அழிச்சு உங்க மச்சானுக்குப் போட்டீங்க. என் குறியீட்டுல. அவ போய்ச் சேந்தப்ப அவ அம்மாவைப் பொதைச்சு மண்ணு காஞ்சிருந்துச்சு. பழி எம்மேல."

அவர் புருவத்தைச் சுருக்கினார். நேர்மையாகவே யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"யாரு? எந்தத் தோக்கோ?"

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. எத்தனையோ நாளில் ஒரு நாள், எத்தனையோ தட்டில் ரெண்டு தட்டு. ஒன்பது வருடம் அவள் தூக்கிச் சுமந்ததை அவர் அன்று சாயங்காலமே காப்பிக் கடையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். தலைக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது அஸ்கலேக்கு. விமானம் போனது போதாது. பச்சைக் கட்டம் போதாது. இவருக்கு ஞாபகத்தில் நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

அவர் கைப்பேசி அடித்தது. திரையில் மகளின் படம். எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

"மாஹ்லெட் கண்ணு! ... ஆமாம்மா, விமானத்துல ஏதோ இயந்திரக் கோளாறு. யாரும் ஏறல. எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. ... ஐயோ, அழாதடா. அப்பா என்ன பண்ணட்டும், கம்பெனி விமானம் பறக்கலன்னா? ..."

ஹிருட் தலையைத் தூக்கி அஸ்கலேயைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அஸ்கலே ஒலிவாங்கியை எடுத்து, வாய்க்கு நேராகப் பிடித்து, பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கி முதலில் கரகரத்தது. கூடம் முழுக்கத் தலைகள் திரும்பின.

"பயணிகள் கவனத்துக்கு. லுசாகா செல்லும் விமானம் எந்தக் கோளாறும் இன்றி, குறித்த நேரத்தில், கேட்டிலிருந்து புறப்பட்டுவிட்டது. பதிவு செய்யத் தவறிய ஊழியர் பட்டியல் பயணி மெங்கேஷா அவர்கள், அடுத்த விமானத்துக்குப் பேர் கொடுக்க, கீழ்த்தளத்து ட்ரான்ஸ்ஃபர் கவுண்டரில் வரிசையில் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கைப்பேசிக்குள் ஒரு பெண் குரல், "அப்பா? அப்பா, அது என்ன?" என்றது. மெங்கேஷா அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அணைக்கத் தோன்றவில்லை. காப்பிக் கடையில் மூட்டைக்காரர்கள் முக்காலியிலிருந்து எழுந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கீழ எப்படிப் போறது?" என்று கடைசியில் கேட்டார்.  பயணிகள் இறங்கும் வழியில் அவர் ஒருநாளும் போனதில்லை.

"இடது பக்கம் படிக்கட்டு. எறங்கினா மஞ்சக் கோடு. கோட்டுக்குப் பின்னாடி நிக்கணும்."

அவர் போனார். சால்வையின் ஒரு முனை தரையில் இழுபட்டது. திங்கட்கிழமை விமானம் கிடைத்தால், கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தான மெல்ஸில் மிச்சம் சாப்பிடலாம்.

"போதும்டி" என்றாள் ஹிருட். "ஒரு தடவை சொன்னது போதும்."

அஸ்கலே ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை. அதே அறிவிப்பை, ஒரு சொல் விடாமல், இங்கிலீஷில் சொன்னாள். அவர் படிக்கட்டின் தலைப்பில் கைப்பிடியைப் பிடித்து நின்று திரும்பிப் பார்த்தார். அவர் பேரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பிரெஞ்சில் ஆரம்பித்தாள். மாறிப் போகிறவர்கள் கூடத்தில் பிரெஞ்சு பேசும் லோமேக்காரர்களும் கின்ஷாசாக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?